பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு: உங்கள் கேள்விக்கு

வணக்கம். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு இருந்தும், 36 வயதான உங்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 96 என வந்திருப்பதால் நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவு நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணின்படி, பெற்றோர் இருவருக்கும் நோய் இருப்பதற்கு 20, வயதுக்கு 20, நீங்கள் குறிப்பிட்ட 94 செ.மீ. இடுப்புச் சுற்றளவுக்கு 10, உடற்பயிற்சியற்ற மேசை வேலைக்கு 30 எனக் கூட்டினால் 80 வருகிறது. 60-ஐ எட்டினாலே அதிக அபாயம்தான். எனவே மருத்துவரைக் கலந்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்று அளவு சரியாக இருக்கும்போதே இந்த அளவு 140-ஐத் தாண்டியிருப்பதுண்டு. பெற்றோரையும் வயதையும் மாற்ற இயலாது. உடலுழைப்பும் இடுப்பளவும் உங்கள் கையில் இருப்பதால், தினமும் அரை மணி நேர விரைவு நடையை இந்த வாரமே தொடங்குங்கள்.