ஸ்கோர் என்றால் எத்தனை?

கேள்வி: மகனுக்கு ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைப் படித்துக் காட்டினேன். 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ' என்று ஆரம்பிக்கிறது. ஸ்கோர் என்றால் கிரிக்கெட்டில் எடுக்கும் ரன் என்றுதான் எனக்குத் தெரியும். லிங்கன் எந்த ஸ்கோரைச் சொல்கிறார்?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: இருபதைச் சொல்கிறார் அம்மா. நாலு இருபது எண்பது, கூட ஒரு ஏழு. அவர் பேசியது 1863 நவம்பரில். 87 வருஷம் பின்னால் போனால் 1776, அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த வருஷம். 'எய்ட்டி செவன்' என்று சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போரில் இறந்த வீரர்களின் கல்லறையில் நின்று பேசுகிறார். பைபிள் கேட்டு வளர்ந்த கூட்டம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் 90-ஆம் சங்கீதத்தில் மனுஷ ஆயுசு 'மூன்று ஸ்கோரும் பத்தும்'. நம் தமிழ் பைபிளில் நேராக 'எழுபது வருஷம்' என்று போட்டுவிட்டார்கள்.

ஸ்கோர் என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து, அதாவது வட ஐரோப்பாவின் வைக்கிங்குகள் பேசிய மொழியிலிருந்து வந்தது. 'ஸ்கோர்' என்றால் அங்கே குச்சியில் கத்தியால் போடும் வெட்டு. ஆடுகளை எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு போட்டதால் வெட்டே இருபதாகிவிட்டது என்பார்கள். கிரிக்கெட் ஸ்கோரும் அதே வெட்டுதான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரன்னுக்கு ஒரு வெட்டு என்று குச்சியில் கணக்கு வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் பால்கார அம்மா அடுக்களைச் சுவரில் கரியால் கோடு போடுவார், உழக்குக்கு ஒன்று. ஒரு பொங்கலுக்கு அப்பா ஆர்வக்கோளாறில் வெள்ளையடித்துவிட, மார்கழிக் கணக்கு முழுக்கப் போச்சு. அந்த அம்மா சொன்னதுதான் கணக்கு என்று அம்மா தீர்ப்பு சொன்னார். இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய கூத்து. அரசாங்கக் கஜானாவே நூற்றாண்டுக் கணக்கில் வெட்டுக் குச்சிகளை வைத்துதான் வரவு பார்த்தது. அதெல்லாம் வழக்கொழிந்த பிறகு, 1834 அக்டோபர் 16-ஆம் தேதி, மிச்சமிருந்த குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மேலே ஏறி, பாராளுமன்றக் கட்டடமே பெரும்பகுதி எரிந்து போனது.

சாராயக்கடையில் குடித்த பாக்கிக்கும் அங்கே ஸ்கோர் என்றே பெயர். 'பழைய ஸ்கோரைத் தீர்ப்பது' என்பது நம் ஊரில் 'கணக்குத் தீர்ப்பது'. அரிவாளோடு சொல்கிறோமே, அதே அர்த்தம்.

மகன் பரீட்சையில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: எண்ணோடு வந்தால் ஃபோர் ஸ்கோர், 'ஸ்கோர்ஸ்' கிடையாது. தனியாக 'ஸ்கோர்ஸ்' என்று வந்தால் கணக்கே கிடையாது, ஏராளம் என்று பொருள். நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஒரு ரயில் விபத்துச் செய்தியில் 'ஸ்கோர்ஸ் இன்ஜூர்டு' என்றிருந்ததை 'இருபது பேர் காயம்' என்று மொழிபெயர்த்தேன். அகராதி பார்த்த பெருமை வேறு. மறுநாள் காலை மற்ற எல்லாப் பேப்பரிலும் எழுபதுக்கு மேல். தலைமை உதவி ஆசிரியர் திட்டவில்லை. என் மேஜையிலிருந்த மர ஸ்கேலின் ஓரத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனார்.