தமிழ்நாட்டின் கடன்: இரண்டு நண்பர்களும் சொல்வது உண்மைதானா?

கேள்வி: “மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டுகிறது, திமுக ஆட்சியில் எல்லாம் போச்சு” என்கிறார் அதிமுக நண்பர். “கடன் விகிதம் குறைந்திருக்கிறது, அவர்கள் வைத்துவிட்டுப் போன சுமை அது” என்கிறார் திமுக நண்பர். நான் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: இருவரும் பொய் சொல்லவில்லை. 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் அது 26.07 சதவீதம். 2021-22இல் இந்த விகிதம் 27ஐ ஒட்டி இருந்தது. தொகை ஏறியிருக்கிறது, விகிதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எதிர்வரிசையில் இருப்பவர் தொகையைப் பிடித்துக்கொள்வார், ஆளுங்கட்சி விகிதத்தைச் சொல்லும். இடம் மாறினால் வாதமும் மாறும்.

2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்ட அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார். அதே கணக்கை 9.3 லட்சம் கோடிக்குப் போட்டால் 4.3 லட்சம் வரும்! யார் சொன்னாலும் இது பயமுறுத்த உதவும் எண்தான். வசூலிக்க உங்கள் வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் வருவாய்ப் பற்றாக்குறையை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் விழும் துண்டு அது. வீடு கட்டக் கடன் வாங்குவது வேறு, மளிகைக்குக் கடன் வாங்குவது வேறு இல்லையா? 2025-26இல் நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்த வரவுக்கு மேல் போகும் செலவுக்காக அந்த ஆண்டு வாங்க வேண்டிய கடன், 1,06,963 கோடி என்றும், அதில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி என்றும் மதிப்பிட்டார்கள். அதாவது நூறு ரூபாய் கடனில் சுமார் 39 ரூபாய் மளிகைக்கு. வருவாய் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. உங்களைத் தொடும் இடம் இதுதான்: அந்தப் பணம் சாலைக்கோ பள்ளிக்கோ வராது.

இந்தத் துண்டு ஒரே கட்சியின் கைவரிசையும் அல்ல. 2011-12, 2012-13 ஆண்டுகளில் உபரி இருந்தது. 2013-14இல், அதிமுக ஆட்சியில், தொடர்ச்சியான பற்றாக்குறை தொடங்கியது. 2020-21க்கு அது 61,320 கோடி என்றது வெள்ளை அறிக்கை. அது கொரோனா ஆண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்புறம் வந்த திமுக ஆட்சி அதைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. உரிமைத்தொகை, இலவசப் பேருந்து போன்றவை ஆண்டுதோறும் வரும் செலவுகள். அவை வேண்டுமா என்பது நியாயமான அரசியல் விவாதம். ஆனால் வேண்டும் என்பவர் வருமானம் எங்கிருந்து வரும் என்றும், வேண்டாம் என்பவர் எதை நிறுத்துவார் என்றும் சொல்ல வேண்டும். மேடையில் இரண்டையும் கேட்பது அரிது.

பட்ஜெட் நாளில் சொல்வது மதிப்பீடுதான். அடுத்த ஆண்டு திருத்திய மதிப்பீடு வரும், அதன்பிறகு சிஏஜி எனும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்த கணக்கு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்வாரியத்தின் கடனையும் மறக்காதீர்கள். மின்வாரியங்களின் கடன் சுமையைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017இல் சேர்ந்தபோது, அதன் 22,815 கோடி கடனை அரசு தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது. அதுவரை அந்தத் தொகை மாநிலக் கடன் பட்டியலிலேயே இல்லை.