லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

கேள்வி: ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கினேன். தினமும் மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து என்று ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்க நினைத்தேன். பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமம் 13-ஓடு நின்றுவிட்டது. அதன்பின் என் மருமகள் கைபேசியில் கூகுள் கீப் என்ற குறிப்பேட்டுச் செயலியைப் போட்டு, 365 நாளுக்கும் தேதி போட்ட டிக் பட்டியல் செய்து தந்தாள். திறந்தாலே டிக் விழாத கட்டங்கள்தான் கண்ணில் படுகின்றன. எழுதி வைத்த குறிப்புகளில் சில தானாகவே காணாமல் போகின்றன. இருப்பதும் தேடினால் அகப்படுவதில்லை. மறுபடியும் ஆதியாகமத்திலிருந்து தொடங்கட்டுமா? பழைய டைரியில் எழுதியதை எல்லாம் இதில் ஏற்ற வேண்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஆதியாகமத்துக்குத் திரும்ப வேண்டாம். லேவியராகமம் 14-ஐத் திறந்து இன்றைக்கே தொடருங்கள். வாசித்த 103 அதிகாரங்கள் வாசித்தவைதான். இடையில் போன மாதங்கள் அவற்றை அழித்துவிடவில்லை.

முதலில் அந்த 365 நாள் பட்டியலை நீக்கிவிடுங்கள். மருமகள் அன்பாகச் செய்து தந்ததுதான், ஆனால் அது வருகைப் பதிவேடு. நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் ஐந்தாம் நாள் பதினைந்து அதிகாரம் பாக்கி நிற்கும்; அதைப் பார்த்ததும் புத்தகத்தையே திறக்கத் தோன்றாது. உங்களுக்குத் தேவை, எங்கே விட்டோம் என்று காட்டும் ஓர் அடையாளம். அது அதிகார எண்ணாக இருக்கட்டும், தேதியாக வேண்டாம். நாள் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு புத்தகத்தையும் தொடங்கிய நாளையும் முடித்த நாளையும் மட்டும் தலைப்பில் எழுதுங்கள்.

66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதியதில் 260. உங்களுக்கு மீதி 1,086. நாளுக்கு மூன்று என்றால் 362 நாள். ஆனால் மூன்றையும் ஒரே இடத்திலிருந்து எடுக்காதீர்கள். பழைய ஏற்பாட்டில் இரண்டு, புதிய ஏற்பாட்டில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். 260 நாளில் புதிய ஏற்பாடு முடியும், பிறகு மூன்றும் பழையதிலிருந்து. நியாயப்பிரமாணப் பகுதியில் பலர் நின்றுபோவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. வாரக்கணக்கில் பலி, தீட்டு, அளவு என்றே வாசிக்கும்போது மனம் வறண்டுவிடுகிறது. உங்கள் விஷயத்தில் இந்தப் பிரிப்பு இன்னொன்றும் செய்யும். முதல் நாள் லேவியராகமம் 14-இல், குஷ்டரோகம் நீங்கியவன் ஆசாரியனிடம் காட்டப்படுவதையும், அவனுக்காக இரண்டு குருவி, கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு கொண்டுவரப்படுவதையும் வாசிப்பீர்கள். எட்டாம் நாள் மத்தேயு 8 வரும். அங்கே இயேசு ஒரு குஷ்டரோகியைச் சுகமாக்கி, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பித்து மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்து என்கிறார். அது எந்தக் கட்டளை என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அதிகாரங்கள் ஒரே நீளமல்ல என்பதையும் மனதில் வையுங்கள். எண்ணாகமம் 7-இல் 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் ஒரே காணிக்கையைப் பன்னிரண்டு முறை கொண்டுவருகிறார்கள். இந்தக் கணக்கில் அது 11-ஆம் நாள் வரும். அன்றைக்கு அது ஒன்றே போதும்.

இனி கீப்பில் செய்ய வேண்டியது. புதிய குறிப்பு ஒன்றைத் திறந்து 1 முதல் 50 வரை ஒவ்வொரு எண்ணையும் தனி வரியில் எழுதுங்கள். கீழே இடப்பக்கம் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு 'செக்பாக்ஸஸ்' தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு டிக் கட்டமாக மாறும். இதற்கு 'அச்சு' என்று பெயர் வைத்துவிடுங்கள். புதிய புத்தகம் தொடங்கும்போதெல்லாம் மூன்று புள்ளியைத் தொட்டு 'மேக் எ காப்பி' எடுத்து, தலைப்பை மாற்றி, அதிகப்படி எண்களை நீக்கினால் போதும். லேவியராகமத்துக்கு 14 முதல் 27 வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு மேல் போகிற புத்தகங்கள் மூன்றுதான். எரேமியா 52, இரண்டு வரி சேர்த்தால் சரி. ஏசாயா 66-ஐ 39-இல் பிரித்து இரண்டாக்குங்கள். சங்கீதம் 150-ஐ அதன் ஐந்து பாகங்களாகவே வையுங்கள்: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150.

நடப்பில் உள்ள இரண்டு பட்டியலையும் 'பின்' செய்தால் திறந்ததும் மேலே நிற்கும். டிக் செய்த எண் தானாகக் கீழே போய்விடும். அதை மாற்ற வேண்டாம், மேலே நிற்பதுதான் அடுத்த அதிகாரம். ஒன்றில் மட்டும் கவனம்: 'டெலீட் செக்டு ஐட்டம்ஸ்' என்பதைத் தொட்டால் வாசித்த கணக்கே போய்விடும். எல்லா டிக்கையும் எடுத்துவிடும் 'அன்செக் ஆல்' அதே மெனுவில்தான் இருக்கிறது.

குறிப்புகளைப் பட்டியலுக்குள் எழுதாதீர்கள். புத்தகத்துக்கு ஒரு தனிக் குறிப்பு: 'லேவி – குறிப்புகள்'. தேடினால் அகப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் நம் மொழியின் இயல்பு. 'பாவத்தை' என்று எழுதிவிட்டு 'பாவம்' என்று தேடினால் வராது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் 'பாவம்' என்ற எழுத்து வரிசையே இல்லை. குஷ்டரோகத்தை, வேதத்தில், இரத்தத்தால் எல்லாம் இப்படித்தான். எனவே வரியின் முடிவில் வேற்றுமை உருபு சேர்க்காத சொல்லைத் தனியாக எழுதுங்கள்:

லேவி 19:9-10 – அறுக்கும்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிட வேண்டும். – கதிர், வயல், எளியவன்

பிறகு ரூத் 2-க்கு வரும்போது அங்கும் 'கதிர்' என்று எழுதுவீர்கள். தேடினால் இரண்டும் சேர்ந்து வரும். போவாஸ் வயலில் கதிர் பொறுக்கிய ரூத் எந்தச் சட்டத்தின் நிழலில் நின்றாள் என்று தெரியும்.

புத்தகப் பெயரை எப்போதும் ஒரே மாதிரி சுருக்குங்கள். 'யோ' என்று எழுதினால் யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் அத்தனையும் அதற்குள் அடங்கும். யோசு, யோபு, யோவேல், யோனா, யோவா என்று வைத்துக்கொள்ளலாம். எபேசியர் 'எபே', எபிரெயர் 'எபி', அவசரத்தில் மாறிவிடும். 'நீதி' என்று வைத்தால் நீதி என்ற சொல் வரும் குறிப்பெல்லாம் வந்து நிற்கும், 'நீதிமொ' என்று எழுதுங்கள். 1சாமு என்று ஒரு நாளும் I சாமு என்று மறுநாளும் எழுதினால் கைபேசிக்கு அவை இரண்டு புத்தகம்.

தானாகக் காணாமல் போகும் குறிப்புகள் பெரும்பாலும் 'ஆர்க்கைவ்' ஆகியிருக்கும், அதாவது அழியாமல் தனியே ஒதுங்கியிருக்கும். பட்டியலை மேலும் கீழும் தள்ளும்போது விரல் பக்கவாட்டில் இழுபட்டால் அந்தக் குறிப்பு அங்கே போய்விடும். மேலே இடப்பக்கம் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு 'ஆர்க்கைவ்' திறந்து பாருங்கள். அங்கு இல்லையென்றால் 'ட்ராஷ்', அதாவது குப்பைக்கூடை. அதில் ஏழு நாள்தான் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் மேலே வலப்பக்கம் உள்ள கணக்குப் படத்தைத் தொடுங்கள். வீட்டில் வேறொருவர் ஜிமெயிலும் அதே கைபேசியில் இருந்தால், குறிப்பு அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

வாசிப்பதை அச்சுப் புத்தகத்திலேயே செய்யுங்கள், முடித்த பிறகு கைபேசியை எடுங்கள். முன்னாலேயே எடுத்தால் வாட்ஸ்அப் செய்திதான் முதல் வசனமாகும். தமிழில் தட்டச்சு சிரமமாக இருந்தால் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுப் பேசி எழுதலாம். வேதாகமப் பெயர்களைப் பலமுறை தப்பாகக் கேட்கும், அவற்றை மட்டும் திருத்துங்கள்.

டைரியைத் திரும்ப எழுத வேண்டாம். பக்கங்களைப் படம் எடுத்து, 'ஆதி – குறிப்புகள்', 'யாத் – குறிப்புகள்', 'லேவி – குறிப்புகள்' என்று அந்தந்தக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் படத்துக்குள் இருப்பதைத் தேடி எடுக்க முடியும் என்று நம்பக் கூடாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் 'ஆதி 22, மோரியா, ஈசாக்கு' என்பது போல ஒரு வரி மட்டும் எழுதிவையுங்கள்.