மின்சாரம் கண் சிமிட்டும்போது ரீசெட் ஆகாத 8051

கேள்வி: மேல்நிலைத் தொட்டிக்கான மோட்டார் கன்ட்ரோலர் ஒன்றை 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர் சில்லான ஏடி89எஸ்52 கொண்டு செய்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டால் ஒழுங்காகத் தொடங்குகிறது. ஆனால் கரண்ட் போய் உடனே வந்தாலோ, மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்தாலோ டிஸ்பிளே உறைந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்து, பத்து நொடி பொறுத்து, மீண்டும் போட்டால்தான் சரியாகிறது. நிரலை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் பின்னிலிருந்து மின்வழங்கிக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தரைக்கு 8.2 கிலோ ஓம் மின்தடையும் உள்ளன. மின்தேக்கியைப் பெரிதாக்கினால் தீருமா?

பதில்: தீராது. மெதுவாக எழும் மின்வழங்கிக்கு அது ஓரளவு உதவும்; உங்கள் போர்டின் நோய் அதுவன்று. நீங்கள் போட்டிருக்கும் சுற்று இன்டெல் நிறுவனத்தின் 8051 கையேட்டிலிருந்து வழிவழியாக வந்தது. அதே கையேடு, மின்னழுத்தம் எழும் நேரம் 1 மில்லி விநாடிக்கும், சில்லுக்குக் கடிகாரத் துடிப்பு தரும் ஆஸிலேட்டர் தொடங்கும் நேரம் 10 மில்லி விநாடிக்கும் மிகாமல் இருந்தால்தான் இச்சுற்று வேலை செய்யும் என்று நிபந்தனையும் விதித்திருக்கிறது. சுற்றைப் படியெடுத்தவர்கள் பலர் அந்த வரியைப் படியெடுக்கவில்லை.

மின்சாரம் கண் சிமிட்டும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போர்டு ஓடிக்கொண்டிருக்கையில் மின்தேக்கி முழு 5 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும்; ரீசெட் பின் சுழியில் இருக்கும். இப்போது மின்வழங்கி 3 வோல்ட்டுக்குச் சரிகிறது என்று கொள்வோம். மின்தேக்கியின் மறுமுனையில் உள்ள ரீசெட் பின் மைனஸ் 2 வோல்ட்டுக்குப் போக முயலும். தரையிலிருந்து அந்தப் பின்னுக்கு வரும் டையோடு, அது நீங்கள் வெளியே பொருத்தியதாயினும் சில்லுக்குள்ளே இருப்பதாயினும், அதை மைனஸ் 0.7 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். ஆகவே மின்தேக்கியில் 3.7 வோல்ட் மிஞ்சும். மின்வழங்கி உடனே 5 வோல்ட்டுக்குத் திரும்பும்போது ரீசெட் பின்னுக்குக் கிடைப்பது 1.3 வோல்ட் மட்டுமே. ஆனால் ரீசெட் உறுதியாக நிகழ, மின்வழங்கியின் 0.7 மடங்கு, அதாவது 3.5 வோல்ட், வேண்டும் என்கிறது டேட்டாஷீட்.

இதே கணக்கைப் பின்னிருந்து போட்டால், மின்வழங்கி ஏறத்தாழ 0.8 வோல்ட்டுக்கும் கீழே இறங்கித் திரும்பினாலொழிய முறையான ரீசெட்டை எதிர்பார்க்க முடியாது என்பது தெரியும். ஏடி89எஸ்52 ஒழுங்காக இயங்க உத்தரவாதமுள்ள குறைந்தபட்ச மின்னழுத்தமோ 4.0 வோல்ட். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதிலும் சில்லு நிலைதடுமாறலாம், ஆனால் ரீசெட் ஆகாது. நீங்கள் பத்து நொடி பொறுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்: ஃபில்டர் மின்தேக்கியில் தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்து, மின்வழங்கி உண்மையிலேயே சுழியை நெருங்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

நேரத்தை மட்டும் அறிந்து மின்னழுத்தத்தை அறியாத ஒரு சுற்றை எவ்வளவு செப்பனிட்டாலும் இக்குறை போகாது. மின்னழுத்தத்தையே அளந்து பார்க்கும் ரீசெட் சூப்பர்வைசர் ஐசியைப் போடுங்கள். 8051 குடும்பத்துக்கு ரீசெட் சமிக்ஞை உயர்நிலையில் வேண்டும் என்பதால் மேக்ஸ்810 பொருந்தும். மேக்ஸ்809 தாழ்நிலை வகை என்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். அதிலும் 4.63 வோல்ட் எல்லை கொண்ட எல் வகையைவிட 4.38 வோல்ட் எல்லை கொண்ட எம் வகையையே பரிந்துரைப்பேன். மோட்டாரை இணைக்கும் ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் சற்றுத் தாழ்ந்தாலும் தேவையின்றி ரீசெட் ஆகாது, 4.0 வோல்ட்டுக்கு மேலே போதிய இடைவெளியும் இருக்கும். மின்னழுத்தம் அந்த எல்லையைத் தாண்டி எழுந்த பின்னும் குறைந்தது 140 மில்லி விநாடிக்கு இது ரீசெட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆஸிலேட்டரின் கிரிஸ்டல் நிலைகொள்ள அது தாராளமாகப் போதும்.

பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேக்ஸ்810 தன் வெளியீட்டைக் கீழேயும் மேலேயும் வலுவாகப் பிடிப்பது. ஆனால் சில்லில் நிரலை ஏற்றும் புரோகிராமர் கருவியும் ரீசெட் பின்னை மேலே இழுக்கும். நிரல் உறைந்தால் ரீசெட் செய்வதற்கான உள் டைமர், அதாவது வாட்ச்டாக், நேரம் கடந்தால் சில்லே அந்தப் பின்னை 98 ஆஸிலேட்டர் சுழற்சிகளுக்கு மேலே தள்ளும். மோதலைத் தவிர்க்க மேக்ஸ்810க்கும் ரீசெட் பின்னுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வையுங்கள். வைத்தபின் பழைய மின்தேக்கியை மட்டுமின்றி 8.2 கிலோ ஓம் மின்தடையையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் இரு மின்தடைகளும் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு, பின்னுக்கு 3.18 வோல்ட் மட்டுமே வந்து சேரும். செலவழித்தும் பழைய நிலைதான். சில்லுக்குள்ளேயே கீழ்நோக்கி இழுக்கும் மின்தடை இருப்பதால் வெளியே வேறொன்று தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ரீசெட்டின்போது 8051 தன் போர்ட் பின்கள் அனைத்தையும் 1 நிலைக்குக் கொண்டுபோகிறது. ரிலேயை யுஎல்என்2003 என்ற டிரைவர் ஐசி வழியாக நேராக இயக்கியிருந்தால், ரீசெட் நீடிக்கும் நேரமெல்லாம் ரிலே இழுத்துக்கொள்ளக்கூடும். இதுவரை அது ஒரு சிறு 'டிக்' ஓசையோடு போயிருக்கலாம். இனி ரீசெட் கூடுதல் நேரம் நீடிப்பதால் மோட்டாரே ஒரு உலுக்கு உலுக்கும். போர்ட்டுக்கும் யுஎல்என்2003க்கும் நடுவே 0, 1 நிலைகளைத் தலைகீழாக்கும் 74எச்சி14 இன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, 0 என்றால் ரிலே இழுக்கும்படி நிரலை மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பது போதாது. மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, மாற்றத்தக்க பவர் சப்ளை ஒன்றால் 5 வோல்ட்டைக் கொடுத்து, அதை 4, 3, 2, 1 வோல்ட் என ஒவ்வொரு நிலைக்கும் இறக்கி மீண்டும் ஏற்றுங்கள். ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை நிதானமாகவும். ஒவ்வொரு முறையும் நிரல் முதல் வரியிலிருந்து தொடங்குகிறதா என்பதை டிஸ்பிளேயின் தொடக்கச் செய்தியே காட்டிவிடும்.