முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும்: ‘பொன்னியின் செல்வன்’ கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பது வருஷம் தமிழ் வகுப்பெடுத்து ஓய்ந்தவள் நான். கல்கியின் இந்தச் சோழர் கால நாவலின் அணி, கதை சொல்லும் உத்தி பற்றிக் கேளுங்கள். சரித்திரச் சண்டை வேண்டாம்.

திருவையாறு: டீச்சர், ‘கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி’ என்று கல்கி ஆரம்பிக்கிறாரே, உவமையா, உருவகமா?

உருவகம். ‘வெள்ளம் போன்ற காலம்’ என்றால் உவமை. காலத்தையே வெள்ளமாக்கினால் உருவகம். ஆனால் அணிக்குப் பேர் வைத்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓடத்தில் ஏற்றியவர் நம்மை எங்கே இறக்குகிறார்? ஆடிப் பதினெட்டன்று, வீரநாராயண ஏரிக்கரையில். பேச்சுக்குச் சொன்ன வெள்ளம் நிஜத் தண்ணீராகிவிட்டது. முதல் பாகத்தின் பேரும் ‘புது வெள்ளம்’. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நுரையும் சருகும் செத்தையும்தான் முன்னே வரும். பகலெல்லாம் கரையில் கூட்டாஞ்சோறும் கும்மாளமும்; அன்றிரவே கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டம். செத்தை வந்துவிட்டது! கல்கி நினைத்துத்தான் எழுதினாரா என்பதில் எனக்கு அக்கறையில்லை. வரிசை அப்படி அமைந்திருக்கிறது.

மன்னார்குடி: கதையில் தூமகேது, அதாவது வால்நட்சத்திரம், எதற்கு?

நிமித்தம். அரச குடும்பத்தில் சாவு என்று ஊரே பயப்படுகிறது. நாமும் பயந்துகொண்டே படிக்கிறோம்.

மயிலாடுதுறை: சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் ஏன் பொன்னியின் செல்வன்?

நல்ல கேள்வி. பொன்னி என்றால் காவிரி. சின்ன வயதில் ஓடத்திலிருந்து காவிரியில் விழுந்தவனை ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றுகிறாள். காவேரியம்மனே வந்தாள் என்று நம்புகிறார்கள். அவள் ஊமை ராணி மந்தாகினி என்பது வெகுதூரம் போன பிறகுதான் தெரிகிறது. ஆற்றைத் தாயாக்குவது நமக்குப் புதிதில்லை. ஆடிப்பெருக்கில் காதோலை கருகமணி விடுவது அவளுக்குத்தானே! கல்கி அந்த உருவகத்துக்கு உடம்பு கொடுத்தார். அதுவும் பேச்சில்லாத உடம்பு. தான் யாரென்று அவளால் சொல்ல முடியாது, ஆறும் சொல்லாது.

திருவாரூர்: அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

அணி பற்றிக் கேளுங்கள்.

வேதாரண்யம்: எங்கள் பக்கத்து ஓடக்காரப் பெண் பூங்குழலி பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

‘அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்?’ வெளியே அமைதி, உள்ளே கொந்தளிப்பு. முரண் என்று நோட்ஸில் இருக்கும், அதோடு விடாதீர்கள். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைத் தன் காதலர்கள் என்று வந்தியத்தேவனுக்குக் காட்டுவாளே, அதையும் சேர்த்துப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. இளவரசன் அருள்மொழிமேல் அவள் வைத்த ஆசைக்கு வேறு உவமை எதற்கு?

பாபநாசம்: கொன்றது நந்தினியா, ரவிதாசனா?

மேலே பார்க்கவும்.

காட்டுமன்னார்கோவில்: டீச்சர், நழுவாதீர்கள். எங்கள் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பேரும் அவன் சகோதரர்கள் பேரும் துரோகிகள் என்று தெளிவாக இருக்கிறது.

இருக்கிறது சார். ராஜராஜன், அதாவது நம் அருள்மொழி, ஆட்சியின் இரண்டாம் ஆண்டு. அவர்கள் நிலங்களைப் பறித்த செய்தி. அது கல். இது கதை. கல்வெட்டு பேர் சொல்லிவிட்ட கொலையைக் கல்கி வேண்டுமென்றே இருட்டில் வைக்கிறார். மணிமேகலை ‘நான் கொன்றேன்’ என்கிறாள்; பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். கொன்றவனைக் காட்டியிருந்தால் குற்றவாளி ஒருவன்தான். காட்டாததால் கொலை நடந்த அறையிலிருந்த அத்தனை பேர் மனசிலும் குற்றம்.

காட்டுமன்னார்கோவில்: அப்படியானால் வாசகரை ஏமாற்றுவது உத்தியா?

மறைப்பது ஏமாற்று இல்லை. கல்கி பொய்யாக ஒருவனைக் காட்டியிருந்தால் உங்களோடு நானும் சண்டைக்கு வருவேன்.

காட்டுமன்னார்கோவில்: 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தபோது வாராவாரம் காத்திருந்தவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்களா?

என் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சாகும்வரை நந்தினிதான் என்றாள். ஒரு பாயின்ட் உங்களுக்கு.

நாகப்பட்டினம்: இப்போதுதான் வந்தேன். கரிகாலனைக் கொன்றது யார் டீச்சர்?

விளக்கை அணைச்சாச்சு. போய்ப் படுங்கள்.