சிபாப் மெஷின் போட்டும் அப்பாவின் குறட்டை நிற்கவில்லை, மாஸ்க்கில் காற்றும் கசிகிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

அப்பா மூன்று மாதமாக ஆட்டோ சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின், தேவைக்கேற்ப பிரஷரைத் தானே ஏற்றி இறக்கும்) போட்டுத் தூங்குகிறார், காற்றின் பிரஷர் 4 முதல் 20 வரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க், விடியற்காலையில் குறட்டை கேட்கிறது, காலையில் கண் எரிகிறது என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டிலும் அச்சு அசல் இதே நிலைதான். என் கணவருக்கு ஸ்லீப் ஸ்டடியில் (தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் பரிசோதனை) ஒரு மணி நேரத்துக்கு 42 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 30-க்கு மேல் போனாலே தீவிரம் என்பார்கள். மெஷின் வந்த பிறகு நன்றாகக் குறைந்தது, ஆனால் நீங்கள் சொல்கிற இரண்டு தொல்லையும் இரண்டு மாதம் விடவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரஷரில் கை வைக்காதீர்கள், இப்போதைக்கு. கசிவு இருக்கும்போது பிரஷரை ஏற்றினால் கசிவுதான் கூடும், தொண்டைக்குப் போய்ச் சேராது. சிபாப் செய்கிற வேலையே காற்றை வைத்துத் தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுப்பதுதான். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் வெளியிட்டபோதும் தத்துவம் இதுவே. முட்டுக்கொடுக்கிற காற்று வழியிலேயே வெளியேறினால் தொண்டை மறுபடி தொய்ந்து குறட்டை வரும்.

ஓர் இரவு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தூங்குகிறவருக்கு இது தெரியாது, மெஷினும் முழுதாகச் சொல்லாது. நான் மூன்று இரவு உட்கார்ந்தேன். மூன்று விதமான சத்தம் வரும். மாஸ்க் ஓரத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தால் அது குஷன் கசிவு, அதாவது முகத்தில் படுகிற மெத்தென்ற விளிம்பில் கசிகிறது. மூக்கு மாஸ்க் போடுகிறவர்களுக்கு உதடு ‘புப் புப்’ என்று அடித்துக்கொள்ளும். வாய் வழியாகக் காற்று போகிறது, பலர் அதைக் குறட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். தொண்டையிலிருந்து வருகிற ‘கர்ர்’தான் நிஜக் குறட்டை. கண் எரிச்சல் என்றால் பெரும்பாலும் மூக்குத்தண்டின் பக்கம் கசிந்து காற்று கண்ணில் அடிக்கிறது. சத்தம் வரும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விடுகிற மூச்சு வெளியே போவதற்கென்றே மாஸ்க்கில் சின்னச் சின்ன துளைகள் இருக்கும், அது கசிவு இல்லை, அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், கசிகிறதே என்று இவர் தினமும் ஸ்ட்ராப்பை இறுக்கிக்கொண்டே போனார். மூக்கில் சிவந்த தழும்பே விழுந்துவிட்டது. இறுக்கினால் சரியாகும் என்று யாருக்கும் தோன்றும், நடப்பது நேர்மாறு. குஷனில் இருக்கிற மெல்லிய சிலிக்கான் உதடு காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்டும். இறுக்கினால் அது மடங்கிவிடும். அதனால் மெஷினை ஓடவிட்டு, அப்பாவைப் படுக்கச் சொல்லி, ஸ்ட்ராப்பை எல்லாம் தளர்த்தி, மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து மறுபடி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது உதவாது, படுத்தால் முகத்தின் சதை வேறு மாதிரி விழும்.

அப்புறம் அளவு. எங்களுக்குக் கொடுத்தது பெரிய அளவு, அவருக்குத் தேவைப்பட்டது நடுத்தரம். குஷனை மட்டும் மாற்றினோம், அந்த ஒரு வேலையிலேயே பாதிக் கசிவு போனது. தாடி மீசை இருந்தாலும் ஓரம் சரியாக ஒட்டாது. இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த இரவுகளில் கசிவு ஏறுவதை நானே கவனித்தேன். தலையில் எண்ணெய் இருந்தால் ஸ்ட்ராப் வழுக்கும், முகத்தில் எண்ணெயோ பவுடரோ இருந்தால் குஷன் வழுக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், காலையில் குஷனையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். எண்ணெய் படிந்த சிலிக்கான் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கசிவு எண்ணை மெஷின் திரையிலோ, அதில் செருகியிருக்கும் எஸ்டி கார்டின் பதிவிலோ பார்க்கலாம். ரெஸ்மெட் கம்பெனி மெஷினாக இருந்தால் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும். வேறு சில மெஷின்கள் துளை வழியே போகிற காற்றையும் சேர்த்தே காட்டும், அதனால் ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம்.

கசிவு அடங்கி ஒரு வாரம் ஆனதும்தான் பிரஷர். இவருக்குக் கசிவு 11-க்கு இறங்கியும் விடிகாலைக் குறட்டை மிச்சம் இருந்தது. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம், அப்போது தசைகள் நன்றாகத் தளர்ந்துவிடும். 4-ல் நின்றுகொண்டிருக்கிற ஆட்டோ மெஷின், குறட்டையோ தடையோ வந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். அது துரத்திக்கொண்டு போவதற்குள் தொண்டை மூடிவிடும். எனவே மாற்ற வேண்டியது பெரும்பாலும் கீழ் எல்லை, மேல் எல்லை இல்லை. எஸ்டி கார்டைப் பார்த்ததில் இரவின் 95 சதவீத நேரம் 10.6-ஐத் தாண்டவில்லை. எங்கள் டாக்டர் 4–20-ஐ 7–14 ஆக்கினார், ஒரு வாரம் கழித்து 8–14. முதல் இரவே வித்தியாசம் கேட்டது. 4-ல் மூச்சு முட்டுகிறது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்ததும் நின்றது.

இன்னும் இரண்டு செட்டிங்கைப் பாருங்கள். மூச்சு விடும்போது பிரஷரைக் குறைக்கிற வசதி 3-ல் இருந்தால், 8 என்று வைத்தாலும் வெளிமூச்சில் 5 தான் கிடைக்கும். எங்களுக்கு அதை 2 ஆக்கினார்கள். ரேம்ப் (தொடக்கத்தில் பிரஷரைக் குறைவாக வைத்து மெதுவாக ஏற்றுகிற நேரம்) 45 நிமிடம் என்றிருந்தால், அதற்குள் தூங்கிவிடுகிறவருக்கு அந்த நேரம் முழுக்கப் போதிய பாதுகாப்பு இல்லை. காற்றை ஈரமாக்குகிற ஹ்யூமிடிஃபயரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஏசி அறையில் ட்யூபுக்குள் தண்ணீர் கட்டினால் ஒரு படி குறைத்து, ட்யூபுக்குத் துணியுறை போடுங்கள், போதும். மூக்கடைப்பு இருந்தால் அதற்குத் தனியாக மருந்து கேளுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று, அதை நான்கைந்து இரவு விட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். அப்பாவுக்கு இதயம் பலவீனமாக இருந்தாலோ, நுரையீரல் நோய் இருந்தாலோ, பிரஷர் எண்களை நீங்களாக மாற்றவே வேண்டாம். அறிக்கையில் ‘சென்ட்ரல்’ அல்லது ‘கிளியர் ஏர்வே’ என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும் அப்படித்தான். அது தொண்டை திறந்திருந்தும் மூச்சு நிற்பதைக் காட்டும் எண், தொண்டை அடைப்பால் வருவதில்லை, பிரஷரை ஏற்றினால் சிலருக்கு மோசமாகும். கசிவு அடங்கியும் குறட்டை கேட்டால் எஸ்டி கார்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்லீப் ஸ்டடி பார்த்த டாக்டரிடமே போங்கள். நீங்கள் காதால் கேட்டதையும் அவரிடம் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு, மல்லாந்தா ஒருக்களித்தா என்று. எங்கள் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.