நெடும்பயணத்துக்கு எடை குறைந்த மோட்டார் சைக்கிள்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மன்னார்குடி வாசகர்: பூம்புகாரில் தொடங்கி, காவிரிக் கரையை ஒட்டியே தலைக்காவிரி வரை தனியாகச் சென்றுவர எண்ணியிருக்கிறேன். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 இவ்விரண்டு வண்டிகளில் எதை வாங்கலாம் ஐயா?

பதில்: தனியாகச் செல்கிறீர்கள் என்பதால் எக்ஸ்பல்ஸையே சொல்வேன். 40 குதிரைத்திறன் கொண்ட ஹிமாலயன், நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் அலுப்பில்லாமல் ஓடும். பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே செல்பவருக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதன் எடை 196 கிலோ, எக்ஸ்பல்ஸின் எடை ஏறக்குறைய 160 கிலோ. ஐப்பசி மழையில் ஊறிய ஆற்றங்கரைக் களிமண்ணில் வண்டி சாய்ந்துவிட்டால், உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில் அந்த 36 கிலோ வித்தியாசம்தான் பயணம் தொடருமா என்பதை முடிவு செய்யும். முன்பணம் கட்டுவதற்கு முன், தெரிந்தவர் வண்டி ஒன்றை மண் தரையில் வலப்பக்கமாக மெதுவாகப் படுக்க வைத்துப் பாருங்கள். முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுவதும் திருப்பி, இருக்கையில் இடுப்பை அழுத்தி, முதுகை வளைக்காமல், சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தபடி கால்களின் பலத்தால் தூக்க வேண்டும். இதைத் தொடர்ந்து இருமுறை செய்ய முடிகிற வண்டியே உங்களுக்கான வண்டி.

திருத்துறைப்பூண்டி வாசகர்: எக்ஸ்பல்ஸுக்குப் பட்டன் டயர் போடலாமா? பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

பதில்: பாதித் தார்ச்சாலை, பாதி மண்சாலை என்று வடிவமைத்த டயர் போதும். கட்டை கட்டையாகப் புடைத்த முழுப் பட்டன் டயர் நனைந்த தார்ச்சாலையில் பிடிமானம் குறைந்தது. நம் வண்டல் களியோ அதன் இடைவெளிகளையும் அடைத்து வழவழப்பாக்கிவிடும். பஞ்சர்தான் இதைவிட முக்கியம். இந்த வண்டியின் சக்கரங்கள் கம்பிச் சக்கரங்கள், உள்ளே டியூப் இருக்கிறது. பின்சக்கரத்தின் 18 அங்குல டியூப் பல ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். முன்சக்கரத்தின் 21 அங்குல டியூப் எளிதில் கிடைக்காது. ஆகவே 21 அங்குல டியூப் ஒன்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் பொருத்தி அடுத்த ஊர் வரை ஓட்டலாம். டயர் கழற்றும் பழக்கத்தை வீட்டு வாசலிலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

நாகப்பட்டினம் வாசகர்: சைலன்சரை மாற்றினால் வண்டிக்கு வேகம் கூடுமா?

பதில்: உணரும்படி வேகம் எதுவும் அதிகரிக்காது. மேலும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பணத்தை நல்ல ஹெல்மெட்டுக்குச் செலவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: அலுமினியப் பெட்டி நல்லதா, துணிப்பை நல்லதா? பின்புற ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா?

பதில்: துணிப்பைதான். பெட்டியும் அதன் தாங்கியும் சேர்ந்து, எடை குறைந்த வண்டி வாங்கியதன் பயனையே பெருமளவு விழுங்கிவிடும். சேற்றில் கால் ஊன்றும்போது கெண்டைக்காலில் மோதும் ஆபத்தும் உண்டு. கனமான பொருள்களைப் பின்சக்கர அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்: சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சிலிருந்து நேர் மேலே இருக்கும் ஒரு புள்ளி வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுச் சுமையோடு நீங்கள் ஏறி அமர்ந்திருக்க, இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே வண்டி தாழ்ந்த அளவு. எக்ஸ்பல்ஸின் பின்புறச் சஸ்பென்ஷன் 170 மில்லிமீட்டர் இயங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 50 முதல் 57 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தால் சரி. அதற்கு மேல் தாழ்ந்தால் ஸ்பிரிங் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கடைசிப் படிக்கு வந்தும் போதவில்லை என்றால் மட்டுமே கனமான ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

வேதாரண்யம் வாசகர்: உப்பளச் சாலையில் தினமும் ஓட்டுகிறேன். செயின் விரைவில் துருப்பிடிக்கிறதே, என்ன வழி?

பதில்: அன்றன்றைக்கு நல்ல தண்ணீரால் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகே செயினுக்கு எண்ணெய் விடுங்கள், ஈரத்தின் மேல் விட்டால் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். சக்கரக் கம்பிகளின் திருகுமுனைகளையும் மறக்காமல் துடையுங்கள். நீரைப் பீய்ச்சிக் கழுவும் இடங்களில், சக்கர பேரிங்கின் மேல் நேராக அடிக்க விடாதீர்கள்.